இரண்டடிச் சரிவு

நடந்து மகிழ்வதற்கு மலை வேண்டும், அருவி வேண்டும், ஒரு காடாவது வேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். கோடை விடுமுறை வந்தால் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் பயணச்சீட்டு எடுக்கிறோம். பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊர்ப்புறங்களில் நடந்துவிட்டு வருகிறோம் என்று எவரேனும் சொன்னால், "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். கேள்வியில் நியாயம் உண்டு. ஏறுவதற்கு மேடில்லை, இறங்குவதற்குப் பள்ளமில்லை. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தட்டையான நிலம். இடையிடையே ஓர் ஏரிக்கரை, பனைமரங்களின் வரிசை, ஒரு கோயில் கோபுரம், தொழிற்கூடத்தின் தகரக் கூரை. காட்சி இவ்வளவே.

ஆயினும் இந்தத் தட்டை நிலத்தில்தான் நாங்கள் சில ஆண்டுகளாக நடந்து வருகிறோம். நாங்கள் என்றால் நான்கு பேர். சில நாட்களில் ஆறு பேர். ஓய்வு பெற்றவர்கள் இருவர், ஆசிரியர் ஒருவர், முழங்கால் வலியால் படியேறவும் தயங்குகிறவர் ஒருவர். மலையேற எங்களால் ஆகாது. விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து, வழியில் கிடைக்கும் தேநீர்க்கடையில் அமர்ந்து இளைப்பாறி, பேருந்தைப் பிடித்து வீடு திரும்புவது எங்கள் வழக்கம். மூச்சு வாங்காத நடை என்பதால் பேச்சும் தடைப்படுவதில்லை.

இந்த நடை தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் எங்களில் ஒருவருடைய வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. திருமணப் புகைப்படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், தாயார் விட்டுச் சென்ற தையல் இயந்திரமும் சேற்றில் மூழ்கின. நீர் வடிந்து, வீட்டைக் கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து முடித்த பின் ஒரு நாள் அவர் சொன்னார்: "என் வீட்டுக்குள் வந்த தண்ணீர் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வழியில் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்." கோபமாக அவர் அதைச் சொல்லவில்லை. முகவரி தெரியாத விருந்தாளியைப் பற்றி விசாரிப்பவர் போலத்தான் சொன்னார். அவருக்குத் துணையாகப் போனவர்கள்தாம் நாங்கள்.

பூவிருந்தவல்லி என்னும் பழம்பெயரே பூந்தமல்லி என்று மருவிற்று. இவ்வூர் இரு நீர்வழிகளுக்கு இடையில் அமைந்துள்ளது. வடக்கே கூவம் ஆறு ஓடுகிறது. தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதன் உபரி நீர் அடையாற்றைச் சேர்கிறது. சென்னையின் இரண்டு ஆறுகளையும் நகரத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தின் மேல் கடக்கிறார்கள். அவை ஊர்ப்புறத்து ஆறுகளாய் இருக்கும் நிலையைப் பார்க்க வேண்டுமானால் பூந்தமல்லியிலிருந்து சிறிது தொலைவு மேற்கே நடந்தால் போதும்.

முதலில் வடக்கே செல்வோம். பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலை பருத்திப்பட்டில் கூவத்தைக் கடக்கிறது. அங்குள்ள தடுப்பணைக்கு மேற்புறமாகக் கண்ணப்பாளையம், சோராஞ்சேரி என்னும் ஊர்களை நோக்கி நடந்தால் நாம் காணும் கூவம் வேறு. மழைக்காலம் முடிந்து தை பிறந்த நாட்களில் மணல் தெரியும்படி நீர் ஓடும். கரையில் நாணல் அசையும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். மடையான் ஒன்று கல்லோடு கல்லாக நின்றுகொண்டிருக்கும். பருத்திப்பட்டைத் தாண்டிய பிறகுதான் நகரத்தின் கழிவுகள் ஒவ்வொன்றாய் இந்த ஆற்றில் கலக்கத் தொடங்குகின்றன. நேப்பியர் பாலத்தருகே கடலைச் சேரும்போது அதை ஆறு என்று சொல்லவே நாக் கூசுகிறது. ஓர் ஆறு பிறவியிலேயே அழுக்காய்ப் பிறப்பதில்லை என்பதை ஏட்டில் படிப்பதை விட இங்கே அரைமணி நேரம் நிற்பது நன்றாக உணர்த்தும்.

அடுத்த நடை மேற்கே, திருமழிசையைக் கடந்து நேமம் ஏரிக்கரைக்கு. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் அது. கடைத்தெருவைத் தாண்டினால் நெல் வயல்கள் இன்னமும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே வண்ணம் பூசிய மனைக்கற்களும் முளைத்திருக்கின்றன. ஒரு முறை அந்தப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்த முதியவர் ஒருவரிடம், "இவ்வளவு தட்டையான நிலத்தில் தண்ணீர் எப்படிப் பாய்கிறது?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "தட்டைன்னு யாரு சார் சொன்னது? இந்த வயலுக்கு கெழக்கு மூலையில ஒரு கை மண்ணு எடுத்தா தண்ணி வரும். அந்த வயலுக்கு அதுவும் வேணாம். எங்கப்பா காலத்துல இருந்து கால்ல மிதிச்சு மிதிச்சுத் தெரியும்" என்றார். பிறகு மனைக்கற்களைக் காட்டி, "இத நட்டவங்க தண்ணி எந்தப் பக்கம் போவும்னு யாரையும் கேக்கல" என்று சொல்லிவிட்டு வரப்பை வெட்டப் போய்விட்டார்.

அவர் சொன்னதை அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தோம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் முழுக் கொள்ளளவு மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து அடியளவில் குறிப்பது வழக்கம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அது 140 அடி, செம்பரம்பாக்கத்துக்கு 85.40 அடி, புழலுக்கு 50.20 அடி. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இணைப்புக் கால்வாய் வருகிறது. இவ்விரண்டு மட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அந்தத் தொலைவால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டடிக்குச் சற்று மேல் வருகிறது. அடையாற்றின் நீளம் சுமார் 42 கிலோமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து கடல் வரை 85 அடி இறக்கம். அங்கேயும் ஏறத்தாழ அதே கணக்குத்தான்.

ஒரு கிலோமீட்டருக்கு இரண்டடி! பன்னிரண்டு நிமிடம் நடக்கும் தொலைவில் ஒரு மேசையின் உயரங்கூட இல்லை. நம் கண்ணுக்கு அது தெரியாது; பேருந்தில் செல்பவருக்குக் கட்டாயம் தெரியாது. தண்ணீருக்கு மட்டும் அது தெரியும். நாம் சமதரை என்று சொல்வது கண்ணின் கணிப்பு. தண்ணீர் அதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்தச் சிறு சரிவை அறிந்தவர்கள் இம்மண்ணின் முன்னோர்கள். அதன் குறுக்கே நீண்ட மண்கரையை எழுப்பினார்கள். மேற்கிலிருந்து வரும் மழைநீர் கரையில் தங்கி ஏரியாயிற்று. மதகின் வழியாக வயலுக்குப் பாய்ந்தது. மிஞ்சியது கலங்கல் வழியாக வழிந்து, அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாயிற்று. ஓர் ஊரின் போக்குக்கால்வாய் அடுத்த ஊரின் வரத்துக்கால்வாய். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் நீர் செல்வது இன்றும் கண்கூடு. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உண்டு என்பர். மலையும் பள்ளத்தாக்கும் இருந்தால் ஓர் அணையோடு காரியம் முடிந்திருக்கும். நிலம் தட்டையாய் இருந்ததால்தான் ஊருக்கு ஓர் ஏரியும், ஏரிக்கு ஏரி உறவும் வேண்டியதாயிற்று.

இந்த ஏற்பாட்டை எழுத்தில் பதிந்து வைத்தவர்களும் நடந்தே பதிந்தார்கள். 1763இல் ஆர்க்காட்டு நவாப் செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளரின் தலைமையில் சுமார் 2,000 ஊர்கள் அளக்கப்பட்டன. ஊரின் வீடுகள், நிலங்கள், ஏரிகள், விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரங்கள் எல்லாம் அதில் இடம்பெற்றன. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் அந்த ஆவணங்களைப் பிற்காலத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். களத்தில் நெல் அளக்கும்போதே ஏரிப் பராமரிப்புக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. நீரைத் திறந்துவிடவும், கரையைக் கண்காணிக்கவும் ஊருக்கு ஓர் ஆள் இருந்தார். அவர் நாள்தோறும் கரையில் நடந்தார். நண்டு வளை எங்கே விழுந்தது, கரையில் எங்கே ஈரம் கசிகிறது என்பது அவருடைய காலுக்குத் தெரியும். நடப்பதே அவருக்கு வேலை. ஊருக்கு அதுவே பாதுகாப்பு.

மூன்றாவது நடையே எங்கள் நண்பர் கேட்ட நடை. பெங்களூர் நெடுஞ்சாலையில் நசரத்பேட்டையைக் கடந்து செம்பரம்பாக்கம் ஊரில் இறங்கினால் ஏரிக்கரை வந்துவிடும். ஒரு பக்கம் கடல் போல நீர்ப்பரப்பு. மறு பக்கம் கரையின் காலடியில் வயலும் வீடுகளும். தெற்கே நடக்க நடக்கக் குன்றத்தூர் முருகன் கோயில் குன்று பெரிதாகிக்கொண்டே வரும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. சுற்று வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியும் உயரம் அது ஒன்றுதான். கூழைக்கடாக்கள் கூட்டமாய் மிதக்கும். ஆலாப் பறவை நீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். மீன்பிடிப்பவர்கள் வலையை உலர்த்திக்கொண்டே, "எங்கேருந்து வர்றீங்க?" என்று விசாரிப்பார்கள். பூந்தமல்லி என்று சொன்னால், "நடந்தா?" என்று வியப்பார்கள்.

இந்த ஏரியின் ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முன்பு பாசனத்துக்குப் பெயர் பெற்றிருந்த ஏரி, இப்போது பெருமளவில் சென்னையின் தாகத்தைத் தணிக்கிறது. ஐந்து கண் மதகு என்றும் பத்தொன்பது கண் மதகு என்றும் ஊரார் சொல்லும் இரு மதகுகள் உண்டு. பத்தொன்பது கண் மதகின் அருகே நின்று எங்கள் நண்பர் வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் 47 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அது சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகத் திருநீர்மலையை அடைந்து, ஏற்கெனவே நிரம்பி வந்த அடையாற்றோடு சேர்ந்து, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று இரு கரைகளிலும் புகுந்தது. எத்தனை உயிர்கள், எத்தனை வீடுகள்!

திறந்துவிட்ட நேரத்தைப் பற்றியும் அளவைப் பற்றியும் தணிக்கை அறிக்கை முதல் தேநீர்க்கடை வரை எல்லா இடத்திலும் வாதம் நடந்தது, நடக்க வேண்டியதே. ஆனால் அந்தக் கரையிலிருந்து இறங்கிக் கால்வாயோடு நடந்தபோது எங்களுக்கு வேறொன்று தெரிந்தது. கால்வாய் ஓரிடத்தில் அகன்றிருக்கும். நூறு தப்படி கடந்தால் பாதியாய்ச் சுருங்கியிருக்கும். ஓரிடத்தில் அதன் கரை தெருவாகியிருக்கும். ஓரிடத்தில் கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். அங்கே நிலம் ஓரடி உயர்ந்துவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு இரண்டடியே சரிவுள்ள நாட்டில் ஓரடி மண் என்பது என்ன? அரைக் கிலோமீட்டர் தூரத்துச் சரிவை ஒரு லாரிக்காரர் ஒரே பொழுதில் அழித்துவிட்டார் என்று பொருள். அவருக்கும் அது தெரியாது. அதன் அருகில் மனை வாங்கியவருக்கும் தெரியாது. எங்கள் நண்பர் வீடு கட்டிய இடத்தையும் "நல்ல சமதரை" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. படுகையின் நடுவே நடந்து போனோம். முந்திய ஆண்டுகளில் படகு சென்ற இடத்தில் மாடு மேய்ந்தது. அந்த ஆண்டு ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரை ரயில் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு வந்தது. நீரில் மூழ்கிய நகரம் நான்கே ஆண்டுகளில் நீருக்காக ரயிலடியில் காத்து நின்றது. இரண்டும் ஒரே நோயின் இரு குணங்கள் என்பதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வரத்துக்கால்வாய் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. போக்குக்கால்வாய் அடைந்தால் ஊர் நிரம்பும்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழகத்தில் 2007இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கிராம வரைபடங்களில் ஏரியும் வாய்க்காலும் வண்டிப்பாதையும் ஊருக்குப் பொதுவான புறம்போக்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் எவரும் நடக்காத பாதை சில ஆண்டுகளில் வரைபடத்தில் மட்டுமே இருக்கும். இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஊர்ப்புற நடைபாதைகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்றி, தனியார் வயலின் குறுக்கே சென்றாலும் அவற்றில் நடக்கும் உரிமை எவருக்கும் உண்டு என்று நிலைநாட்டினார்கள். அங்கும் அந்தப் பாதைகளைக் காப்பாற்றியது சட்டம் மட்டுமன்று. வாரந்தோறும் குடும்பத்தோடு அவற்றில் நடக்கிறவர்களின் கால்கள்தாம். ஒரு பாதை மறிக்கப்பட்டால் உடனே கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சீர்படுத்தி, 2019இல் நடைபாதை அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மாலை வேளைகளில் முதியவர்களும் குழந்தைகளும் அங்கே நடப்பதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே எங்கள் விருப்பம். ஏரியைச் சுற்றி நடப்பவர் ஏரியைக் காண்பார். வாய்க்காலோடு நடப்பவர்தான் அந்த ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அது எங்கே போகிறது, இடையில் யார் இருக்கிறார்கள் என்பதைக் காண்பார். மேட்டூரில் நாம் கொட்டும் குப்பையைப் பள்ளத்தூரில் இன்னொருவர் தன் வாசலில் அள்ளுகிறார். சரிவு இரண்டடிதான் என்றாலும் மேல் என்றும் கீழ் என்றும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நமக்குக் கீழே இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்வதும் அன்பின் ஒரு கூறுதானே?

நடக்க விரும்பும் அன்பர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். தை, மாசி மாதங்களே இதற்கு உகந்தவை. நீரும் இருக்கும், வெயிலும் கடுமையாயிராது. பொழுது விடியும்போதே புறப்படுங்கள். குடிநீரும் தொப்பியும் போதும். ஏரி நிரம்பியிருக்கும் மழை நாட்களில் கரைமேல் செல்ல அனுமதிக்க மாட்டார்கள். அந்தத் தடையை மதியுங்கள். நீரில் இறங்க வேண்டாம். வரப்பில் நடக்கும் முன் வயலுக்குரியவர் கண்ணில் பட்டால் ஒரு சொல் கேட்டுவிட்டு நடங்கள், மறுப்பவர் அரிது. கொண்டுபோன காகிதத்தையும் புட்டியையும் திரும்ப எடுத்து வாருங்கள். வழியில் முதியவர் எவரையேனும் கண்டால் நின்று பேசுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்களோடு அது மறைந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். மெட்ரோ ரயிலின் தூண்கள் பூந்தமல்லி வரை வந்துவிட்டன. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குச் செல்லும் வெளிவட்டச் சாலை வயல்களின் நடுவே 62 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. இன்னும் இருபது ஆண்டுகளில் இந்த ஊர்களில் வீடு கட்டப் போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள்தாம். வீடு கட்ட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. நாமும் அப்படிக் கட்டி வந்தவர்களே. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுவிட்டுக் கட்டும் தலைமுறையாக அவர்களை ஆக்க நம்மால் முடியும். அதற்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. ஒரு மழை ஓய்ந்த காலையில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையில் ஓடும் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று அதன் கூடவே நடந்து பார்த்தால் போதும்.